தாடையில் வைத்த சந்தனம்

"கண்ணிலை ஒரு பிழையும் இல்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"அப்ப தோட்டாவ மாத்திப் பாருங்க."

"மாத்தினனான். செக் நாட்டுச் சாமான், சேர்பியாச் சாமான், ரெண்டும் போட்டுப் பாத்தாச்சு. எல்லாம் ஒரே கூத்துத்தான்."

"ஸ்க்ரூ?"

"போன கிழமை நீங்கள்தானே இறுக்கினியள், லூசியன் அண்ணை. மறந்து போச்சே?"

லூசியன் மறக்கவில்லை. சொல்வதற்கு வேறொன்றும் அகப்படாததால் கேட்ட கேள்வி அது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, சமையலறை மேசைமேல் விரித்துக் கிடந்த இலக்குத் தாளை மறுபடியும் பார்த்தார். நூறு மீற்றரில் சுட்ட துளைகள். நடுவிலிருந்த கறுப்பு வட்டத்துக்குள் இரண்டு விழுந்திருந்தன. மற்றவை, ஒரே கலியாண வீட்டுக்கு வந்தும் முகங்கொடுத்துப் பேசாத உறவினர்களைப் போல ஆளுக்கொரு மூலையில் நின்றன.

"இடியாப்ப அச்சு தோத்துது, போங்க," என்றார் லூசியன்.

இராஜேந்திரன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தாளுக்குப் பக்கத்தில் பழைய வேட்டியொன்றின் மேல் துப்பாக்கி கிடந்தது. காலையில் லூசியனின் காரில் நகரத்துக்கு வெளியே, காட்டோரத்தில் இலக்குச் சுடப் பழகும் சுடுதிடல் வரைக்கும் போய், அவரை மறுபடியும் வெட்கப்படுத்திவிட்டு வந்து, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது.

அது ஒரு லீ-என்ஃபீல்ட். இரண்டாம் உலகப் போருக்காக இங்கிலாந்தில் செய்து, போர் முடிந்து, படைகள் கழித்துவிட்டு, கைமாறிக் கைமாறி பிரான்சுக்கு வந்து சேர்ந்த சாமான். யாழ்ப்பாணத்தில் இராஜேந்திரன் பள்ளிக்கூடம் போன நாளில் பொலிஸ் நிலைய வாசற் காவல்காரன் தோளில் இதே சாதித் துப்பாக்கிதான் தொங்கும். அதைக் கண்டு றோட்டின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தவர், துப்பாக்கிகளுக்குப் பயந்தே கடல் கடந்தவர், கடைசியில் பாரிஸ் வந்து காசு கொடுத்து அதையே வாங்கினார். லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இந்தக் கதை பரவியபோது சொல்லாத பகிடியில்லை. "என்ன அண்ணை, இஞ்சை புது இயக்கமோ? எங்களையும் சேர்ப்பியளோ?" என்று ரூ லூயி-பிளாங்க் தெருவில் மரக்கறி வாங்கப் போகிற இடத்திலெல்லாம் கேட்டார்கள்.

அவர்களுக்கு விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு உணவகமொன்றின் குசினியில் பாத்திரச் சத்தத்துக்குள் கிடந்த மனிதர் அவர். புதுச்சேரிக்காரரான லூசியன், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், அடுத்த தெருவில் இருப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்க வாருங்கள் என்று சுடுதிடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூச்சை விட்டு முடித்தபின், அடுத்த மூச்சை இழுக்குமுன், விசையில் விரல் நிற்கும் அந்தச் சின்ன இடைவெளி. அதற்குள் குசினியும் இல்லை, ஊரும் இல்லை, செத்தவர்களும் இல்லை. அந்த அமைதிக்காகத்தான் போய்வந்தார்.

இப்போது அந்த இடைவெளிக்குள்ளும் பூரணி வந்து நிற்கிறாள் என்பதுதான் அவருடைய எண்ணம். மனைவி மாசியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடக் குண்டுகள் ஓரிடத்தில் சேரவில்லை. கைதான் காரணம், துக்கம் கைக்குள் இறங்கிவிட்டது என்று அவர் தீர்மானித்து வைத்திருந்தார். கை திருந்தினால் தானும் திருந்திவிடலாம் என்றும் ஒரு நம்பிக்கை.

"நாளைக்குக் கடைக்காரன் வாறான்," என்றார்.

"எந்தக் கடைக்காரன்?"

"துப்பாக்கிக் கடைக்காரன். பிள்ளை கதைச்சு ஒழுங்கு பண்ணிப்போட்டாள்."

 லூசியனுக்கு விஷயம் தெரியும். மகள் லக்ஷனாவுக்குப் பாரிஸ் புறநகர் சென் தெனியில் ஒரு அலுவலகத்தில் வேலை, அங்கேயே இருப்பும். தாயின் செத்தவீடு முடிந்த கையோடு, துப்பாக்கி இருக்கும் இரும்புப் பெட்டிப் பூட்டின் திறப்பைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறு காலையில் வந்து திறந்து கொடுப்பாள். பின்னேரம் வந்து பூட்டுவாள். ஏன் என்று தகப்பன் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. தனியாகிவிட்ட மனிதனும் ஒரு துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருப்பதை நினைத்து அவள் எத்தனை இரவு முழித்திருப்பாள் என்று இராஜேந்திரனுக்கு விளங்கியது. அப்படிப் பயப்பட வேண்டிய நாட்கள் இருக்கவில்லை என்று சத்தியம் பண்ணவும் அவரால் முடியாது.

விற்றுவிடுங்கள் என்று அவள் கேட்டபோது அவர்தான் ஒரு பந்தயம் வைத்தார். நவராத்திரிக்கு முதல் ஒரேயொரு ஞாயிறு குண்டெல்லாம் காப்புக்குள்ளே அடங்கட்டும், வைத்திருக்கிறேன். அடங்காவிட்டால் கொடுத்துவிடுகிறேன். காப்பு என்றது பூரணியின் தங்கக் காப்பு. ஞாயிறுதோறும் அவர் கொண்டுவரும் தாளில் அதைக் கழற்றி வைத்து, வட்டத்துக்குள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று பார்ப்பது அவளுடைய பொழுதுபோக்கு. "இண்டைக்கும் ரெண்டு பேர் வேலி பாஞ்சிட்டினம்," என்பாள். எல்லாம் உள்ளே வந்த நாளில் அவருக்குப் பிடித்த ஒடியற் கூழ். இப்போது அந்தக் காப்பு லக்ஷனாவின் கையில் கிடக்கிறது.

நவராத்திரி இந்த வாரம் தொடங்குகிறது. இன்றைய ஞாயிறுதான் கடைசி ஞாயிறு.

லூசியன் திடீரென்று நிமிர்ந்தார். "மெஸ்யே இராஜேந்திரன், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. மரத்தக் கழட்டினீங்களா?"

"எந்த மரத்தை?"

"வீட்டு நிலையையா கேக்கறேன்? இந்தத் துப்பாக்கி மரத்த."

இராஜேந்திரன் கோப்பையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒருக்கா. அந்தியேட்டி அண்டைக்கு."

"மோன் தியே! நல்லாச் சுடற துப்பாக்கியக் கழட்டாதீங்க, அது தூங்கற கொழந்தய எழுப்பி மூஞ்சி கழுவி விடற வேலைன்னு மொத நாளே சொன்னேனா இல்லியா?"

சொன்னார்தான். ஆனால் அந்த நாள் வேறு நாள். முப்பத்தோராம் நாள் காரியம், அந்தியேட்டி. சாவுத் துடக்குக் கழிக்க வீடு முழுவதையும் கழுவ வேண்டும் என்று பூரணியின் சகோதரிகள் விடியவே வந்து இறங்கிவிட்டார்கள். திரைச்சீலை தொடக்கம் கோப்பை பீங்கான் வரைக்கும் தண்ணீரில். அவள் தொட்டதெல்லாம் சவர்க்கார நுரைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நடுவீட்டில் நிற்க இடமில்லாமல் நின்றார். "அத்தான், நீங்கள் அங்காலை போய் இருங்கோ," என்று மச்சாள் ஒருத்தி கலைத்தாள். அவருக்கும் எதையாவது கழுவ வேண்டும்போல இருந்தது. லக்ஷனாவைக் கேட்டுப் பெட்டியைத் திறப்பித்தார். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வாங்கிய நாள் முதல் கழற்றாத மரத்தை முதற்தடவையாகக் கழற்றி, வெந்நீர் விட்டு, குழலையும் குழல் படுத்திருந்த மரப்பள்ளத்தையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கை நோகத் தேய்த்தார்.

லூசியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துப்பாக்கியின் நுனியைக் குனிந்து பார்த்தார். மேசையில் கிடந்த தொலைபேசிக் கடை விளம்பரச் சீட்டை எடுத்து, குழலுக்கும் அதன் கீழிருந்த மரத்துக்கும் நடுவே நுழைத்தார். சீட்டு தட்டுத் தடங்கலில்லாமல், வெண்ணெய்க்குள் போவதுபோல் உள்ளே போனது, இழுக்க வந்தது.

"பாத்தீங்களா? தொங்குது. இந்த இங்கிலீஷ்காரன் துப்பாக்கிக்கு ஒரு கொணம். சுடறப்ப கொழல் அதிரும். நுனியில மரம் கீழேர்ந்து கொஞ்சம் முட்டுக் குடுக்கணும், புள்ள தலையத் தாங்கற கை மாதிரி. முட்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரும், குண்டு ஒரே எடத்துக்குப் போவும். முட்டு இல்லன்னா அதும்பாட்டுக்குப் போவும். உங்க கை நல்லாத்தான் இருக்கு. கையச் சும்மா திட்டாதீங்க."

"அப்ப இவ்வளவு காலமும் எப்பிடிச் சுட்டது?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன். இம்மாம் பழைய மரம். காஞ்சு சுருங்கி, முட்டு எப்பவோ போயிருக்கணும். கழட்டினப்ப உள்ள ஏதாச்சும் இருந்துதா? தக்கை, அட்டை, எதுனாச்சும்? பழைய சொந்தக்காரன் வச்சிருப்பான்."

"ஒண்டும் இல்லை. ஊத்தைதான்."

"என்ன ஊத்தை?"

"நுனியிலை, கீழ்ப்பக்கம். ஒரு கட்டி. மஞ்சளா... மண்ணிறமா... எண்ணெய் ஊறி, பிசின் மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது. குசினிக் கத்தியாலை சுரண்டி..."



ஜன்னலுக்கு வெளியே, கிழக்கு நிலையத்துத் தண்டவாளங்களில் ஒரு ரயில் மெதுவாகப் போனது. இராஜேந்திரனின் வாய் திறந்தபடி இருந்தது.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று பூரணி கத்தவில்லை, அழவில்லை. அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "இது ஆரைச் சுட்டிருக்கும்?" என்று கேட்டாள். தெரியாது என்றார். "அப்ப இதைக் கும்பிட்டுத்தான் வைச்சிருக்க வேணும்," என்றாள். அதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. ஆயுத பூசை அன்று தையல் இயந்திரம், கத்திகள், இடியப்ப உரல், லக்ஷனாவின் மடிக்கணினி எல்லாவற்றோடும் இந்தத் துப்பாக்கியும் வெள்ளை விரித்து வைக்கப்படும். அவள் பன்னீரில் சந்தனம் குழைத்துக்கொண்டு வருவாள். முதல் வருடம் அவர் பதறிப்போனார். குறி பார்க்கிற இடத்திலே பூசாதே, குழல் வாயிலே பூசாதே, விசைப்பக்கம் கிட்டவும் போகாதே.

"கண்ணிலையும் வைக்கக்கூடாது, மூக்கிலையும் வைக்கக்கூடாது எண்டால் வேறை எங்கை வைக்கிறது? தாடையிலை வைக்கிறன்," என்று சொல்லி, குழலின் நுனிக்குக் கீழே, மரம் முடிகிற இடத்து நீக்கலுக்குள், மோதிர விரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தாள். நாவூறு படாமல் குழந்தைக்குத் தாடையில் வைக்கிற பொட்டு மாதிரி. ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில். அடுத்தநாள் அவர் வெளியில் தெரிகிறதை மட்டும் துணியால் துடைத்துவிடுவார். உள்ளே போனதைப் பற்றி யார் யோசித்தது?

வாங்கிய புதிதில் சிதறிச் சிதறி அடித்த துப்பாக்கி, வருடம் போகப்போகக் குண்டுகளைக் கூட்டிச் சேர்த்தது. கறுப்பு வட்டத்துக்குள், பிறகு காப்புக்குள். தன் கை தேறிவிட்டது என்று அவர் நினைத்தார். சுடுதிடல் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பூரணிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாளை விரித்தார்.

"அதைச் சுரண்டேக்கை மணத்தது, அண்ணை," என்றார் இராஜேந்திரன். "எனக்கு மணத்தது. காரியத்துக்கு அரைச்ச சந்தனம், அண்டைக்கு வீடெல்லாம் அந்த மணம்தானே எண்டு இருந்திட்டன். சிங்குக்குள்ளை போட்டுத் தண்ணியைத் திறந்து விட்டிட்டன்."

லூசியனுக்கு முழுக்கதையும் சொல்லி முடிக்க இன்னொரு கோப்பைத் தேநீர் ஆறிப்போனது. கேட்டு முடித்ததும் அந்த மனிதர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, துக்கத்தை நேரே பார்க்கத் தெரியாத ஆண்கள் செய்வதுபோல, வேலையில் இறங்கினார். சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு போத்தல் தக்கையை எடுத்தார்.

"பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன் பையில கார்க் இல்லாம இருக்குமா?" என்று தானே சொல்லி, குசினிக் கத்தியால் மெல்லியதாக ஒரு துண்டு சீவினார். "இத அந்த எடத்துல ஒட்டுங்க. அவ்ளோதான். அடுத்த ஞாயிறு எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில போவும். எழுதித் தரவா?"

"அந்தக் கத்திதான்," என்றார் இராஜேந்திரன்.

"என்னது?"

"ஒண்டுமில்லை."

லூசியன் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "ஒட்டிடுங்க. பொண்ணு கிட்ட நான் வேணா பேசறேன்," என்றார். இராஜேந்திரன் தலையாட்டினார். கதவு சாத்தியபின் தக்கைத் துண்டை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். பாரமே இல்லை. நீக்கலுக்கு நேரே கொண்டுபோனார். அளவாகத்தான் இருந்தது, பொருந்தும். ஒரு சொட்டுப் பசை போதும். அவர் அதை மேசையின் மறு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை மடிக்குள் எடுத்துக்கொண்டார்.

லக்ஷனா வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றும்போதே தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

"மோந்தர். என்ன சாப்பிட்டீங்கள்?"

"பொய்யன் எண்டு பிரெஞ்சிலை சொன்னால் கோபம் வராது எண்டு நினைக்கிறாய் என்ன," என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து புட்டுப் பொதியை எடுத்து வைத்தாள். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். காப்பைக் கழற்றினாள். அவளுடைய கை தாயின் கையைவிட ஒல்லி, இலகுவாகக் கழன்று வந்தது. தாளின் நடுவில் வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தி, எப்படியாவது கூட ஒரு துளையை உள்ளே எடுக்க முடியுமா என்று பார்த்தாள். அவர் தோற்க வேண்டுமென்று விரும்பியவளே, தகப்பனுக்காகக் களவு செய்து பார்த்தாள்.

"ஸே ஃபினி, அப்பா," என்றாள் கடைசியில், மெல்ல. "முடிஞ்சுது. நாளைக்கு ஆறு மணிக்குக் கடைக்காரர் வருவார். நான் லீவு சொல்லிட்டன்."

"பிள்ளை, இதிலை இரு."

அவள் இருந்தாள். அவர் சொன்னார். தாடையை, மோதிர விரலை, வெந்நீரை, கத்தியை. நடுவில் அவளுக்கு விளங்காத சொற்களுக்கு மேசைமேல் விரலால் கீறிக் காட்டினார். விளம்பரச் சீட்டை நீக்கலுக்குள் விட்டு இழுத்துக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டே துப்பாக்கியின் நுனியைப் பார்த்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெறிநாயைப் பார்ப்பதுபோல இத்தனை மாதமும் பார்த்ததை, இன்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அப்ப, காப்புக்குள்ளை போட்டது எல்லாம் அம்மாவா?"

"கொம்மாதான். நான் சும்மா விசையை இழுத்தனான்."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று தக்கைத் துண்டைக் காட்டினாள்.

"லூசியன் அண்ணை தந்தவர். அதை ஒட்டினாலும் சரிவரும்."

"பிறகேன் ஒட்டேல்லை?"

 கீழே ரூ பஜோலில் யாரோ பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சுக் கேட்டது. நவராத்திரிக்குக் கொலு அடுக்குகிறார்களாம். இந்த வீட்டில் இந்த வருடம் அடுக்கமாட்டார்கள். வருடம் திரும்பவில்லை, திவசம் முடியவில்லை. பூசையும் இல்லை, பொட்டும் இல்லை.

"பூரணியின்ரை சந்தனக் கட்டை அந்த மேல் தட்டிலை இருக்கு," என்றார். "கழுவினவையள் அதைமட்டும் எடுக்கேல்லை."

"அப்பா, இந்த வருசம் எங்களுக்குப் பூசை இல்லையே. சித்தி சொன்னவ."

"தெரியும்."

"நாளைக்கு அவர் வாறார்."

"அதுவும் தெரியும், பிள்ளை."

லக்ஷனா திறப்பை உள்ளங்கைக்குள் வைத்து மூடியிருந்தாள். காப்பு இன்னும் தாளின் மேலேயே கிடந்தது. அதற்குள் இரண்டு துளைகள், வெளியே மற்றவை. இராஜேந்திரன் வேட்டித் துணியின் ஓரத்தை இழுத்துத் துப்பாக்கியை மெல்ல மூடினார், நுனியை மட்டும் வெளியே விட்டு.

"ஒருக்கா வைச்சாப்போலை சரிவராது," என்றார். "ஒரு வருசத்துச் சந்தனம் காணாது. காஞ்சு, எண்ணெய் ஊறி, அதுக்கு மேலை இன்னொண்டு, அதுக்கு மேலை இன்னொண்டு. கொம்மாவுக்கே எத்தினை வருசம் பிடிச்சது. இந்த முறை பூசை வேண்டாம். வாற வருசம் தொடங்குவம். நீ வந்து மோதிர விரலாலை தாடையிலை அழுத்தி வைக்க வேணும், பிறகு அடுத்த வருசமும், அதுக்கடுத்த வருசமும். நான் அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருப்பன். துப்பாக்கி இஞ்சை கிடக்கட்டும், திறப்பு உன்னட்டையே இருக்கட்டும், நான் கேக்கமாட்டன். வருசா வருசம் வந்து வைச்சு விடுவியே, பிள்ளை?"